பனையடியான் கொடிவழியின் இரண்டாம் பதிப்பு

‘பனையடியான் கொடிவழி’ என்ற புத்தகம் வெளியான மறுநாள் காலை, அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள் என்று அதில் பெயர் ஏறி உயிரோடும் இருந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் அறுநூற்று மூன்று பேருடைய வலது கை மணிக்கட்டு வரை ரத்தத்தில் நனைந்திருந்தது. மஞ்சநத்திகுளத்தில் பாயில் எழுந்து உட்கார்ந்தவர்களுக்கும், துபாயில் கிரேன் ஓட்டுகிறவனுக்கும், சிங்கப்பூரில் பல் டாக்டராக இருக்கிறவளுக்கும் அந்தந்த ஊரில் விடிந்த நேரத்தில்தான் நனைந்தது. ரத்தம் உலகக் கடிகாரத்தை மதித்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நனையாத ஒன்பது கைகளில் ஒன்று, புத்தகத்தை எழுதிய பரமார்த்தலிங்கத்தின் கை. அதை முதலில் பார்த்தவள் அவர் மனைவி பேராச்சி.

பரமார்த்தலிங்கம் முப்பத்துநான்கு வருஷம் பத்திரப்பதிவு ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் விற்ற நிலத்தையும் வாங்கிய நிலத்தையும் எழுதி எழுதி, இனி எழுத வேண்டிய சொத்து ஒன்றே ஒன்றுதான், அது தன் வம்சம் என்ற முடிவுக்கு வந்து, பதினோரு வருஷம் பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும், மக்கிய பத்திரங்களையும், இலங்கைக்குக் கப்பலேறியவர்களின் பட்டியலையும், யார் வீட்டுப் பரணில் எது கிடந்தாலும் அதையும் வாசித்து, ஆயிரத்து நூற்று எண்பத்துநான்கு பேரை நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அடைத்தார். ஒவ்வொருவருக்கும் கிளை எண், தலைமுறை எண், வரிசை எண். தினமும் காலை ஏழு மணிக்குக் குடும்ப வாட்ஸப் குழுவில் ‘இன்றைய நம்மவர்’ என்று ஒருவரைப் பற்றி எழுதுவார். காசிக்குச் சைக்கிளில் போய், சைக்கிள் இல்லாமல் திரும்பி வந்தவர். பர்மாவில் யானை வியாபாரம் செய்து யானையாலேயே மிதிபட்டவர். ஹைகோர்ட் ஜட்ஜ் ஆகியிருக்க வேண்டியவர், ஆனால் ஆகாதவர். எல்லோரும் கும்பிடுகிற கைப்படத்தைப் பதிலுக்குப் போடுவார்கள். அந்தப் பதினோரு வருஷமும் செத்துப்போன ஐந்நூற்றுச் சொச்சம் பேர் தூசியாக வந்து உட்கார்ந்த வீட்டைப் பேராச்சி தினமும் இரண்டு வேளை பெருக்கினாள்.

குடும்பத்துக்கு மூலவர் பனையடியான். பெயர் என்னவோ வேறு. பனையடியில் செத்ததால் பனையடியான். மாடு ஓட்டிப்போக வந்த பதினேழு கொள்ளைக்காரர்களை ஒற்றை ஆளாக நின்று தடுத்து, பதினேழு வெட்டு வாங்கி விழுந்தவர் என்றும், அவருக்குப் பிறந்த வம்சம் பதினெட்டுக் கிளையாகப் பிரிந்தது என்றும் புத்தகத்தின் முதல் அத்தியாயம் சொல்லியது. பதினெட்டில் முதலாம் கிளை பரமார்த்தலிங்கத்தின் கிளை. தலைமுறைக்கு ஒரே ஒரு பிள்ளையாக இறங்கி வந்த மெலிந்த கிளைதான் என்றாலும், முதலாம் கிளை என்பதற்கு அவரிடம் அசைக்க முடியாத ஆதாரம் இருந்தது. வருஷா வருஷம் சித்திரைக் கொடைத் திருவிழாவில் பனையடியான் சாமிக்கு வெட்டுகிற கிடாவின் தலையை, ஒரு சுளகில் நெல் பரப்பி, மேலே புது வேட்டி வைத்து, மற்ற பதினேழு கிளையிலிருந்தும் வீட்டுக்கு ஒருவராகப் பதினேழு பேர் சுமந்து வந்து, அவர் வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். மூத்த வீட்டுக்கு இளைய வீடுகள் செய்கிற மரியாதை அது என்று நாலாம் பிற்சேர்க்கையில் எழுதியிருந்தார். அந்தப் பதினேழு வீட்டின் பெயரும் வரிசையாக உள்ள பழைய ஓலை ஒன்றையும் அங்கே படம் எடுத்துப் போட்டு, ‘மரியாதைச் சீட்டு’ என்று தலைப்பிட்டிருந்தார்.

சரி, அந்தக் காலைக்கு வருவோம்.

“ஏட்டி, உன் கையைக் காட்டு” என்றார் பரமார்த்தலிங்கம், தெருவில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு வந்து.

பேராச்சி மாவு ஒட்டிய கையைக் காட்டினாள்.

“உனக்கு இருக்காது. நீ வெளியூர்லேருந்து வந்தவ.”

“உங்களுக்கும் இல்லையே?”

“அதத்தான் பாக்கேன்” என்றார். தன் கையை ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டி, கையெழுத்தில் சந்தேகம் உள்ள பத்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அதற்குள் குழுவில் சிவப்புக் கைகளின் படங்கள் வந்து குவிந்திருந்தன. துபாய்க் கை, சென்னைக் கை, பிறந்து நாற்பது நாளான குழந்தையின் கை. என்ன ஏது என்று யாருக்கும் புரியாத அந்த நேரத்தில், சங்கரன்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் அவர்கள் மகள் சண்முகவடிவும் ஒரு படம் அனுப்பினாள். சுத்தமான ஒரு கை. கீழே ஒரு வரி: “எனக்கு ஒண்ணும் இல்லையேப்பா. எல்லாரும் சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க.”

 பரமார்த்தலிங்கம் அதை அழிக்கச் சொல்லி மகளுக்குப் போன் போடுவதற்குள் முந்நூறு பேர் பார்த்துவிட்டார்கள்.

கழுவத்தான் செய்தார்கள். கழுவினால் போனது, பால் பொங்குகிற நேரத்துக்குள் திரும்பி ஊறியது. வலி இல்லை, காயம் இல்லை. ஜில்லா ஆஸ்பத்திரியில் எடுத்துப் பார்த்து, மனித ரத்தம்தான், பார்த்த கை அத்தனையிலும் ஒரே ஆளின் ரத்தம், அது கைக்குச் சொந்தக்காரர் யாருடையதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊர் மூன்று நாள் பயந்தது. நாலாம் நாள் பரமார்த்தலிங்கம் குழுவில் ஒன்பது நிமிஷம் பேசி ஒரு குரல்பதிவு போட்டார். நம் மூலவர் பனையடியில் சிந்திய வீர ரத்தம், தன் வம்சம் இன்னது என்று புத்தகம் தெளிவுபடுத்திய மகிழ்ச்சியில், உரியவர்களின் கையில் வந்து ஊறுகிறது, இது முத்திரை, இதைவிடப் பெரிய சான்று பதிவேட்டில் கிடையாது. அந்த ஒன்பது நிமிஷமும் அவருடைய வலது கை ஆபீஸ் காலத்துச் சிவப்பு மசிப் புட்டிக்குள் இருந்தது.

மசி இரண்டு நாள்தான் தாங்கியது. ஊரில் எல்லாச் சிவப்புக் கையையும் ஈ மொய்த்தது. அவர் கையை மட்டும் ஒரு ஈயும் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் தினமும் காலையில் பேராச்சி தூக்குச்சட்டியோடு கோழிக்கடைக்குப் போக வேண்டி வந்தது.

“தெனமும் ரத்தப் பொரியலா மதினி?” என்று கடைக்காரன் கேட்பான்.

“எங்க வீட்டய்யாவுக்கு அது இல்லாம விடியாது” என்பாள்.

ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை! சலவைக்காரர்கள் கருப்புச் சட்டை மட்டும் போடச் சொன்னார்கள். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் அழுதது. கடைசியில் இடது கைப் பெருவிரல் போதும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத்தில் நோட்டுப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் கணக்கு வாத்தியார் வாய்க்கணக்கு மட்டும் போட்டார். அந்தக் குடும்பத்தில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்களால் மாவு பிசைய முடியவில்லை. மாப்பிள்ளைமார் சிலர் பெண்டாட்டியைத் திருப்பி அனுப்பினார்கள், பலர் தோசை சுடப் படித்தார்கள். நாய்கள் அவர்கள் பின்னாலேயே போய், போய், சலித்து விட்டுவிட்டன. ஆறு மாதத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் கையைக் கேட்டார்கள். காட்டுகிறவர்கள் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டுக் காட்டினார்கள். புத்தகத்தில் இடம் கிடைக்காத தூரத்துச் சொந்தங்கள், தங்கள் கையும் லேசாகச் சிவக்கிறது என்று பரமார்த்தலிங்கத்துக்கு மனு எழுதினார்கள். அவற்றை அவர் ‘இரண்டாம் பதிப்பு’ என்று எழுதிய உறையில் போட்டு வைத்தார்.

சிவப்புக் கை பெருமையான பிறகு, வெள்ளைக் கை என்ன ஆகும் என்று கேட்க வேண்டியதில்லை.

மூன்றாம் கிளையில் சப்பாணிமுத்துவும் அவன் அண்ணன்மார் நாலு பேரும். நாலு பேருக்கும் கை நனைந்தது, அவனுக்கு நனையவில்லை. அவன் அவர்களுடைய பெரியம்மா பெற்ற மகன், அம்மா தாய்வீட்டில் பெற்றுவந்ததாகச் சொல்லி, பிறந்த மாதத்திலேயே தத்தெடுத்துக் கொண்டுவந்தவன். அது பரமார்த்தலிங்கத்துக்குத் தெரியும்; பதிவேட்டில் பார்த்துவிட்டு, செத்துப்போன அவன் அப்பா கேட்டுக்கொண்டபடி, பெற்ற மகன் என்றே போட்டிருந்தார். அண்ணன்மாருக்குத் தெரியாது. தங்கள் அம்மாவின் மானம் போய்விட்டது என்று அவர்கள் நாலு பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, பஸ் ஸ்டாப்பில், தென்காசி பஸ்ஸுக்காகக் கையில் டிபன் கேரியரோடு நின்றிருந்தவனை அரிவாளால் வெட்டினார்கள். முதல் வெட்டில் அவன் “அண்ணே, என்னண்ணே” என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்ல ஒருவருக்கும் நேரம் இல்லை. பஸ் வந்து, நின்று, ஏற ஆள் இல்லாமல் போனது.

போலீஸ் வந்து, கையில் ரத்தக்கறை உள்ளவன் யார் என்று கேட்டது. தெருவில் இருந்த இருநூற்று முப்பது பேர் வலது கையை நீட்டினார்கள்.

அன்றைக்குத்தான் ஊருக்கு அந்த வசதி புரிந்தது. கையில் ரத்தம் இருக்கிறது என்பதற்காக இனி யாரையும் பிடிக்க முடியாது. அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் மஞ்சநத்திகுளத்தில் நடந்த கொலை இரண்டு; அந்த ஒரே வருஷத்தில் பதினொன்று. அதில் ஐந்து பேர் வெள்ளைக் கைக்காரர்கள். மிச்சம் ஆறு பேர், வாய்க்கால் மடை, வேப்பமரக் கிளை, பந்தியில் இலை போடாதது முதலிய பழைய விவகாரங்களுக்காக, வாய்ப்பு வந்தபோது தீர்க்கப்பட்டவர்கள். ஒருவனைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு மேலேயிருந்து கல்லைப் போட்டார்கள். ஒருவனை அவன் கடை ஷட்டருக்குக் கீழே கழுத்தை வைத்து ஷட்டரை இறக்கினார்கள். சாவு வீட்டில் பிணத்தைத் தூக்க வந்த பங்காளிகளின் கைத்தடம் வெள்ளை வேட்டியில் பதியும். அதில் எது தூக்கிய கை, எது வெட்டிய கை என்று பெண்கள் அழுகைக்கு நடுவிலேயே பார்த்துப் பார்த்துச் சலித்தார்கள்.

பரமார்த்தலிங்கம் ஒவ்வொரு சாவுக்கும் போய் மாலை போட்டு, வந்து, தன் பிரதியில் அந்தப் பெயருக்கு எதிரே மறைந்த தேதியைக் குறித்தார்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், செங்கல் சூளை வைத்திருக்கும் தளவாய் வந்தான். பங்காளி, ஓலையில் ஐந்தாவது வீடு. கையிலிருந்து சொட்டியது வாசற்படியிலிருந்து நாற்காலி வரை கோடு போட்டது.

“காப்பி வேண்டாம் மைனி. டம்ளர் வீணாப் போவும்.”

“இந்த ஊர்ல என்னென்னமோ வீணாப் போயாச்சு. டம்ளர்தானா பெருசு? குடியும்.”

தளவாய் குடிக்கவில்லை. “அண்ணாச்சி, புத்தகத்துல முதலாம் கிளை, கடைசி வரிசை. சண்முகவடிவு. அந்தப் பேரை அடிச்சிரும்.”

“ரெண்டாம் பதிப்புல பாப்போம் தளவாய்.”

“நான் பேரை மட்டும் சொல்லல.”

பேராச்சி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “என் மூஞ்சியப் பாத்துச் சொல்லும். எம் மகள நான் யாருக்குப் பெத்தேன்னு சொல்லுதீரு?”

“நான் சொல்லல மைனி. கை சொல்லுது. அண்ணாச்சி கை சிவப்பு. மக கை வெள்ள. நடுவுல நீங்க. ஒண்ணாங்கிளாஸ் படிக்கவனுக்கும் இந்தக் கணக்குத் தெரியும்.”

அவள் புருஷனைப் பார்த்தாள். பரமார்த்தலிங்கம் காலையில் அவள் வாங்கி வந்த கோழி ரத்தம் காய்ந்து வெடித்திருந்த தன் கையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “இது விதிவிலக்கா இருக்கலாம். ஒரு அடிக்குறிப்பு போட்டுறலாம்” என்றார்.

முப்பத்தாறு வருஷம் சோறு போட்டவளைக் காப்பாற்ற அவருக்கு ஓர் அடிக்குறிப்புதான் கிடைத்தது.

“கொடைக்குள்ள முடிச்சிருங்க” என்று எழுந்தான் தளவாய். “இல்லேன்னா பயலுவள என்னால புடிச்சு வைக்க முடியாது.”

பயல்கள் கொடை வரை காத்திருக்கவில்லை. ஒன்பதாம் நாள், சங்கரன்கோவிலில் வேலை முடிந்து சாயங்காலம் நடந்து வந்த சண்முகவடிவை மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் வந்து வெட்டினார்கள். முதல் வெட்டை அவளுடைய சாப்பாட்டு டப்பா வாங்கி இரண்டாகப் பிளந்தது. இரண்டாவதை இடது முழங்கை வாங்கியது. மூன்றாவதற்குள் பூக்காரப் பெண்கள் தண்ணீர் வாளிகளோடு ஓடி வந்துவிட்டார்கள். அவள் தன் ஆஸ்பத்திரிக்கே நடந்து போய், பெஞ்சில் உட்கார்ந்து, தையல் போட்ட புதுப் பெண்ணிடம் “நூலை இழுத்துப் பிடி, பயப்படாத” என்று சொல்லிக்கொண்டே பதினான்கு தையல் போட்டுக்கொண்டாள். பிறகு கட்டோடு பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை பேராச்சி கோழிக்கடைக்குப் போகவில்லை.

“நேரமாச்சேட்டி” என்றார் பரமார்த்தலிங்கம்.

“இன்னைக்குக் கோழி இல்ல. கையைக் கழுவிட்டுத் தெருவுல போய் நில்லுங்க.”

“கழுவினா?”

“உங்க கையும் வெள்ளைன்னு தெரியும். அப்பாவப் போலத்தான் மகளும்னு தெரியும்.”

“என்னைய வெட்டுவானுவ.”

“ஆமா.”

அவர் கையில் காய்ந்திருந்த நேற்றைய ரத்தத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு, “வெட்டுக்குக்கூடப் பயமில்லட்டி. கழுவினா நான் யாரு? முதலாம் கிளைன்னு எழுதி வச்சிருக்கேன். அது இல்லேன்னா நான் யாருடைய பிள்ளை?” என்றார். அதைக் கேட்டவருக்கு வயது எழுபது.

பேராச்சி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். “நான் வெளியூர்க்காரி. கல்யாணமாகி வந்த வருஷமே எனக்கு ஒண்ணு புரியல. கேட்டாச் சிரிப்பீங்கன்னு கேக்கல. எங்க ஊர்ல சாமிகிட்ட ‘காப்பாத்து’ன்னு விழுவாவ. இங்க ‘பொறுத்துக்கோ’ன்னு விழுதாவ. பெத்த அப்பன்கிட்ட எதுக்குப் பொறுத்துக்கோ? சாமியாடுத பட்டமுத்து மேல பனையடியான் வந்தா வருஷா வருஷம் ‘எம் பிள்ளை எங்க’ன்னு அழுது. பதினேழு வீட்டுக்காரனும் சேந்து ‘எங்க வீட்டுல சொகமா வளருதான் சாமி’ன்னு சொல்லுதான். எல்லாரும் அவன் பிள்ளைன்னா, பிள்ளையை எங்கேன்னு யாருகிட்ட கேக்கான்? யாரு பதில் சொல்லுதா?”

“அதுக்குப் புத்தகத்துல விளக்கம்...”

“தலைக்கறியக் கொண்டாந்து வைக்கான்லா, வச்சவன் நடந்தா போறான்? திரும்பிப் பாக்காம ஓடுதான். மரியாதை செய்ய வந்தவன் எதுக்குங்க ஓடணும்?”

பரமார்த்தலிங்கம் எழுந்து போய் இரும்புப் பெட்டியைத் திறந்து அந்த ஓலையை எடுத்து வந்தார். பதினேழு வீட்டின் பெயர். கடைசி வரி: பிள்ளை வளரும் வீட்டுக்கு வருஷந்தோறும் தலையும் நெல்லும் வேட்டியும். ‘பிள்ளை’ என்றது பனையடியானின் மூத்த மகனை என்று அவர் எழுதியிருந்தார்.

“கதையில கொள்ளைக்காரன் பதினேழு” என்றாள் பேராச்சி. “ஓலையில வீடு பதினேழு. உங்களுக்கு எண்ணத் தெரியாதா?”

“தெரியும்” என்றார் அவர் மெதுவாக.

“எப்பத் தெரியும்?”

“ஆடி மாசம்.”

இப்போது மாசி. அவள் விரலை மடக்கி எண்ணவில்லை. இடையில் விழுந்தது எட்டுப் பிணம் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு மகள் படுத்திருந்தாள்.

“எதுக்கு வெட்டினானுவன்னு ஓலையில இல்ல” என்றார் அவர், இன்னும் ஒரு ஆதாரம் பாக்கி இருப்பதுபோல. “வெட்டிப்போட்டு, பயந்துபோய், சாமியாக்கி, கைப்பிள்ளையை எடுத்து நம்ம பிள்ளைன்னு வளத்துருக்கானுவ. அந்தப் பிள்ளைதான் எங்க பாட்டனுக்குப் பாட்டன். நான் வெட்டினவன் வம்சத்துக்குப் புத்தகம் போட்டிருக்கேன்ட்டி. அதுவும் கெட்டி அட்டையில.”

“ரெண்டாம் பதிப்பு போடுங்க” என்றாள் பேராச்சி.

இரண்டாம் பதிப்பு ஒரே பக்கம்தான் வந்தது. பத்திரம் எழுதுகிற கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், மேலே வெட்டுண்டவர் பெயர். அடுத்து வெட்டிய பதினேழு வீட்டின் பெயர். கடைசியில், வெட்டுண்டவரின் வாரிசுகள் என்ற தலைப்பில் ஒற்றைக் கோடாக இறங்கி வந்த ஆறு பெயர். ஆறாவது சண்முகவடிவு. அதற்குக் கிளை எண் தேவைப்படவில்லை.

சித்திரை இரண்டாம் வெள்ளி, மத்தியானக் கொடை. பனைமரம் போய் நெடுங்காலமாகிவிட்டது. அது நின்ற இடத்தில் ஒரு ஆள் உயரத்துக்குச் செங்கல் பீடம். எதிரே பெண்கள் பொங்கல் பானையை ஏற்றியிருந்தார்கள். அரிவாள் எதுவும் கோயில் எல்லைக்குள் வரக்கூடாது, எல்லைக் கல்லுக்கு அப்பால் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். அதற்கும் ‘புனிதம்’ என்று பரமார்த்தலிங்கம் காரணம் எழுதியிருந்தார். அந்த வருஷம் பலர் வைத்துவிட்டு வரவில்லை. மேளம் ஏறி, உடுக்கை இறங்கி, ஏழாம் கிளைப் பட்டமுத்துவின் மேல் பனையடியான் வந்தார். எப்போதும்போல ஆடவில்லை, அதட்டவில்லை. சின்னக் குழந்தையைத் தொலைத்த மனிதனைப்போலக் கூட்டத்தில் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து அழுதார்.

“எம் பிள்ளை எங்கடே? எம் பிள்ளை எங்க?”

“எங்க வீட்டுல சொகமா வளருதான் சாமி! பொறுத்துக்கோ!” என்றது கூட்டம்.

பரமார்த்தலிங்கம் முன்னால் வந்தார். பேராச்சி பின்னாலேயே பித்தளைக் குடத்தோடு வந்தாள். அவள் தண்ணீர் ஊற்ற, அவர் கை கழுவினார். நகத்துக்கு அடியில் இருந்த கோழி ரத்தத்தைக்கூட நிதானமாக எடுத்தார். வேட்டியில் துடைத்துவிட்டு, கையை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். அங்கே ஈக்கள்கூட நின்று பார்த்ததாகச் சொல்வார்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். பொங்கல் பானை பொங்கியது. குலவையிட ஒரு பெண்ணுக்கும் வாய் வரவில்லை. பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. கை சுத்தமாகவே இருந்தது.

“இங்க இருக்கேன்” என்றார் பரமார்த்தலிங்கம், ஆபீசில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதுபோல.

பட்டமுத்து பாய்ந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டு, உச்சி மோந்து, முதுகைத் தடவி, கதறினான். சட்டையின் முதுகில் பெரிய சிவப்புக் கை பதிந்தது. ஊரில் யாரும் அதற்கு முன் அந்தச் சாமி சிரித்துப் பார்த்ததில்லை. அழுகைக்கு நடுவே அன்றைக்குச் சிரித்தது.

“அண்ணாச்சி” என்றான் தளவாய். குரல் தணிந்திருந்தது. “அப்ப நாங்க யாரு?”

மரியாதையான கேள்வி. பரமார்த்தலிங்கம் பதினோரு வருஷமாக எதிர்பார்த்த கேள்வியும்கூட. பையிலிருந்து அந்த ஒற்றைத் தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசிக்க ஆரம்பித்தார். முதல் வீடு, வெட்டியவன் பெயர். இரண்டாம் வீடு. மூன்றாம் வீடு. நாலாம் வீடு. அடுத்ததை வாசிக்க மூச்செடுத்தபோது தளவாயின் அரிவாள் அவர் தோளில் இறங்கியது.

பிறகு அந்த இடத்தில் வரிசை என்ற ஒன்று இருந்தது என்பதைப் பேராச்சி சாகும்வரை மறக்கமாட்டாள். அவசரமில்லாமல், தள்ளுமுள்ளு இல்லாமல், யாரோ சொல்லிக் கொடுத்ததுபோல, வீட்டுக்கு ஒருவனாக வந்தார்கள். அவளுடைய முகத்தில் தெறித்தது. குடத்துத் தண்ணீரில் தெறித்தது. பட்டமுத்துவிடமிருந்து சாமி இறங்கி, அவனும் வந்தான், ஏழாம் கிளைக்காக. பிரேதப் பரிசோதனையில் பதினேழு வெட்டு என்று எழுதினார்கள். பார்த்தீர்களா என்று கேட்ட போலீஸிடம் அவள் பதினேழு பெயரையும் சொன்னாள். சாட்சிக்கு வேறு ஆள் உண்டா என்றார்கள். அறுநூறு பேர் இருந்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. கையில் கறை உள்ளவர்களைக் கூப்பிட்டார்கள், எல்லோரும் வந்தார்கள்.

மறுநாள் காலை எல்லோருடைய இடது கையும் நனைந்திருந்தது.

இனி கும்பிடுவதற்கு இரண்டும் ஒரே நிறம். சாப்பிட ஸ்பூன், ரேஷன் கடைக்குக் கண் மெஷின். அதற்கும் பழகிக்கொண்டார்கள். பேராச்சி மகளோடு சங்கரன்கோவிலில் குடியேறினாள். சண்முகவடிவின் நிழலைக்கூட அதற்குப் பிறகு யாரும் தீண்டவில்லை. வழியில் பார்த்தால் தெருவை மாற்றிக்கொண்டு போனார்கள். மஞ்சநத்திகுளத்தில் பழைய பீடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பீடம் எழும்பியது, கொஞ்சம் குட்டையாக, மூக்குக்கண்ணாடி வைத்து. கதையும் பத்து மாதத்தில் சரியாகிவிட்டது: கொடையன்று வெளியூரிலிருந்து வந்த பதினேழு ரௌடிகளை ஒற்றை ஆளாக நின்று தடுத்து உயிர்விட்ட நம் பெரியவர். குழுவில் காலை ஏழு மணிக்கு யாரோ அதை ‘இன்றைய நம்மவர்’ என்று போட்டார்கள். எல்லோரும் கும்பிடுகிற கைப்படம் போட்டார்கள்.

அடுத்த சித்திரையில் அம்மாவும் மகளும் போனார்கள். கூட்டம் தானாக வழிவிட்டது. முதலில் பட்டமுத்துவின் மேல் பனையடியான் வந்து, “எம் பிள்ளை எங்கடே?” என்று கேட்டார். கூட்டம் பக்கத்துப் பீடத்தைக் காட்டி, “உன் பக்கத்துலயே இருக்கான் சாமி, பொறுத்துக்கோ!” என்றது. பிறகு, இதுவரை சாமியே ஆடியிராத சோடாக்கடைக்காரன் ஒருவன் திடீரென்று உடம்பு முறுக்கி எழுந்து, இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கூட்டத்தை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

“ரெண்டாம் பதிப்பு எங்க?” என்று கேட்டது சாமி.

கூட்டம் திகைத்தது. இந்தக் கேள்விக்குப் பரம்பரையாகச் சொல்லிவந்த பதில் எதுவும் இல்லை. முன்வரிசையிலிருந்து தளவாய்தான் சமாளித்தான்.

“அச்சுல இருக்கு சாமி!”

“பொறுத்துக்கோ!” என்றார்கள் மற்றவர்கள் ஒரே குரலில், நிம்மதியாக.

“எங்கிட்ட இருக்கு” என்றாள் பேராச்சி.

அவள் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள். மடித்த இடங்களில் கறுத்துக் காய்ந்திருந்தது. அடியில் இன்னொரு கையெழுத்தில், கோணல்மாணலாக, புதிதாகப் பதினேழு பெயர் சேர்ந்திருந்தது. சண்முகவடிவு தழும்பேறிய கையால் பித்தளைக் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எல்லைக் கல் பக்கமாக யாரோ நகர்ந்தார்கள். பேராச்சி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முதல் நாலு வீட்டை அவர் வாசித்துவிட்டார். அவள் ஐந்தாவதிலிருந்து தொடங்கினாள்.